துணைக்கு யாரு?

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண்பிள்ளை வெளியூர் கிளம்புகிறாள் என்றால், எங்கே, எதற்கு என்பதற்கெல்லாம் முன்னால் வந்து நிற்கிற கேள்வி, "துணைக்கு யாரு?" என்பதுதான். விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறி இருட்டியபிறகு இறங்கிய தலைமுறைப் பெண்களிடம் இந்தக் கேள்வி அவ்வளவாக எழுந்ததில்லை. பருத்தி எடுக்கப் போனவளிடமும் யாரும் கேட்கவில்லை. பிழைப்புக்குப் போகிறவளுக்குத் துணை வேண்டாம், பார்க்கப் போகிறவளுக்குத்தான் வேண்டும் என்பது கரிசல்காட்டின் எழுதாத கணக்கு. அந்தப் பெண்களின் பேத்திகள் இன்று கைப்பேசியில் கொரியத் தொடர்கள் பார்க்கிறார்கள், கொரியப் பாட்டை அர்த்தம் தெரியாமலே மனப்பாடமாகப் பாடுகிறார்கள், சியோல் அரண்மனை வாசலில் ஹன்பொக் என்ற கொரிய மரபுடை உடுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். கேள்வி மட்டும் பாட்டி காலத்திலேயே நிற்கிறது. இதைப் பத்தாம்பசலித்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஒதுக்கக் கூடாது என்பது என் கட்சி. கேள்வி சரியான கேள்விதான், பதிலைத்தான் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம். துணை என்றதும் அண்ணன், மாமா, கூடப் படித்தவள் என்று ஓர் ஆளைத் தேடுகிறோம். ஓர் ஊரே துணையாக இருக்க முடியும். இருக்கும்படி அதைச் செய்துவைக்கவும் முடியும். அதற்குக் கொரியாவைச் சான்றாகவும், கோவில்பட்டியைச் சுற்றிய ஒரு நாள் பயணத்தைச் சோதனையாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் துணையே இல்லாமல் போன ஒரு பயணம். 2024 ஜனவரியில் கரூர் மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து பதின்மூன்று வயதுப் பள்ளி மாணவியர் மூவர் பி.டி.எஸ். பாடகர்களைப் பார்க்கக் கொரியாவுக்குக் கிளம்பினார்கள். கையில் 14,000 ரூபாய் சேமிப்பு. ஈரோடு போய், அங்கிருந்து ரயிலில் சென்னை, பிறகு விசாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவது என்று திட்டம். சென்னையில் ஓர் இரவு தங்கியதுமே மனம் தளர்ந்து ஊர் திரும்ப ரயிலேறியவர்கள், காட்பாடியில் சாப்பாட்டுக்கு இறங்கி வண்டியைத் தவறவிட்டார்கள். அந்த நிலையத்தில்தான் விசாரித்து மீட்கப்பட்டார்கள். செய்தியைப் படித்தவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள், மீதிப்பேர் கொரிய மோகத்தைத் திட்டினார்கள். (கோவில்பட்டிப் பிள்ளைகளாக இருந்தால் விசாகப்பட்டினம் எதற்கு, அறுபது கிலோமீட்டரில் தூத்துக்குடித் துறைமுகம் இருக்கிறதே என்று யோசித்திருப்பார்கள். இரண்டிலிருந்தும் கொரியாவுக்குப் பயணியர் கப்பல் கிடையாது.) ஆசை அவர்களைக் கெடுத்ததாக நான் நினைக்கவில்லை. பாஸ்போர்ட் என்றால் என்ன, விசா எதற்கு, ஒரு வண்டி ஒரு நிலையத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்ற சின்னச் சின்ன அறிவு எதுவும் அவர்களுக்கு அதுவரை தேவைப்படாதபடி வளர்த்திருந்தோம். அவர்கள் பத்திரமாக வீடு திரும்பினார்கள் என்றால், தனியாக நிற்கும் குழந்தையைக் கண்டால் விசாரிப்பது தன் வேலை என்று நினைக்கிற ஓர் ஏற்பாடு அந்த ரயில் நிலையத்தில் இருந்ததுதான் காரணம். பயணம் முழுவதிலும் அவர்களுக்கு வாய்த்த ஒரே துணை அது.

இதே வயதில் கோவில்பட்டி ஹாக்கிப் பையன்கள் மட்டையும் பையுமாக ஊர் ஊராகப் போய்வருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் பக்கத்து மாவட்டம், பிறகு சென்னை, பிறகு வடநாடு. அந்த வரிசையின் கடைசியில்தான் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஆட்டம் வருகிறது. கொரியாவோடு 4-4 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் இந்தியாவின் நான்காவது கோலை அடித்தவர் கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல். அந்தப் பையன்களை யாரும் 'துணைக்கு யாரு' என்று கேட்பதில்லை. குழு இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார், சங்கம் இருக்கிறது. வெளியூர்ப் பழக்கம் படிப்படியாக ஏறுகிறது. தனிப்பயணத்துக்கும் அதே படிகள் வேண்டும், அவற்றைக் கட்டித்தர யாராவது வேண்டும் என்பதுதான் விஷயம்.

கொரியா அந்தப் படிகளைக் கட்டியிருக்கும் விதம் பார்க்கத் தகுந்தது. இன்ச்சியோன் விமான நிலையத்தில் இறங்கும் அந்நியர் சியோலுக்குள் போக டாக்சிக்காரரிடம் பேரம் பேச வேண்டியதில்லை. நிலையத்துக்குள்ளேயே ரயில் நிற்கிறது. கடைகளில் டி-மணி என்றொரு அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் மெட்ரோ, பேருந்து இரண்டுக்கும் அதுவே செல்லும். நிலையங்களுக்குப் பெயரோடு எண்ணும் உண்டு, வெளியேறும் வாசல்களுக்கும் எண் உண்டு. "மூன்றாம் வாசலில் நிற்கிறேன்" என்று சொன்னால் போதும். 1330 என்ற எண்ணை அழைத்தால் பயணிகளுக்கான தகவல் ஆங்கிலத்திலும் நாள் முழுவதும் கிடைக்கும்; மொழி புரியாத கடைக்காரருக்கும் பயணிக்கும் நடுவே போனிலேயே மொழிபெயர்த்தும் உதவுவார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே 2013 முதல் தனிக் காவல் பிரிவு இருக்கிறது. பௌத்த மடங்களில் தங்கிப் பார்க்கும் ஏற்பாடு 2002 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது அறை போதாத நெருக்கடியில் தொடங்கியது. இன்று தனியாக வரும் பெண்ணுக்கு அதைவிட அமைதியான, கணக்கான தங்குமிடம் கிடைப்பது அரிது. 1395-ல் கட்டிய கியோங்பொக்குங் அரண்மனைக்கு ஹன்பொக் உடுத்தி வருகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் அரண்மனையைச் சுற்றி வரிசையாக இருக்கின்றன. வேற்று நாட்டார் தங்கள் உடையை உடுத்தித் திரிவதை அவமதிப்பாக எண்ணாமல் அதற்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது நல்ல தந்திரம். இவற்றில் எதற்கும் பயணியின் வீரம் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தனிப்பயணம் என்றாலே துணிச்சல் என்று பேசிப் பேசிக் கெடுத்துவிட்டோம். கூச்ச சுபாவமுள்ள ஒருத்தி, யாரிடமும் வாய் திறக்காமல், ஒரு வாரம் சுற்றிவிட்டு வரக்கூடிய நகரம்தான் பாதுகாப்பான நகரம்.

ஆனால் அந்த நாட்டைத் தொடர்களில் வரும் நாடாகவே எண்ணிக்கொண்டு போகிறவள் ஏமாறுவாள். 2016 மே மாதம் சியோலின் கங்னம் மெட்ரோ நிலையத்தருகே பொதுக் கழிப்பறையில் முன்பின் தெரியாத ஒருவனால் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டாள். நிலைய வாசல் சுவர் முழுக்கப் பெண்கள் துண்டுச்சீட்டு ஒட்டி அழுதார்கள். கழிப்பறைகளிலும் விடுதிகளிலும் ஒளித்துவைத்த கேமராக்களுக்கு எதிராக 2018-ல் ஆயிரக்கணக்கான பெண்கள் சியோல் வீதியில் திரண்டார்கள். அதற்குப் பிறகுதான் நகராட்சி ஆட்கள் கருவி வைத்துக் கழிப்பறை கழிப்பறையாகச் சோதிக்கும் வேலை வேகம் பிடித்தது. 2022 அக்டோபர் 29 இரவு இதேவான் சந்தில் கூட்ட நெரிசலில் 159 பேர் இறந்தார்கள், அயல்நாட்டு இளைஞர்களும் அதில் உண்டு. எண்ணிட்ட வாசல்களும் உதவி எண்களும் இருந்த நகரத்தில்தான், கூட்டத்தைப் பற்றி மாலையிலிருந்தே வந்த அழைப்புகளுக்கு உரிய நேரத்தில் ஆள் வரவில்லை. ஆகவே ஏற்பாடு இருந்தால் போதும் என்று நான் வாதிடவில்லை. ஏற்பாடு தவறும்போது அந்த ஊர்ப் பெண்கள் வீதிக்கு வந்து கேட்டார்கள், கேட்டதில் கொஞ்சம் கிடைத்தது. வந்து போகிற விருந்தாளி அனுபவிக்கும் பாதுகாப்பில் உள்ளூர்ப் பெண்களின் அந்தச் சண்டை கலந்திருக்கிறது.

இனி கரிசலுக்கு வருவோம். கொரியப் பெண் ஒருத்தி, அல்லது சென்னையில் வளர்ந்த நம் பெண்ணே ஒருத்தி, கையில் ஒரு பையோடு கோவில்பட்டியைப் பார்க்கத் தனியே வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ரயில்தான் நல்லது. இரவு சென்னையில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் ஊருக்குள்ளேயே இறங்கிவிடலாம். மதுரை - திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் போகும் நெடுந்தூரப் பேருந்து என்றால், ஊருக்குள் வருமா, புறவழிச் சாலையிலேயே இறக்கிவிடுமா என்பதைக் கேட்டுத்தான் ஏற வேண்டும். இரவு பதினொரு மணிக்கு நாற்கரச் சாலையோரம் நிற்பது உள்ளூர்க்காரருக்கே உகந்ததல்ல. காலையில் மேற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் கழுகுமலை. அந்தப் பாறையின் ஒரு சரிவில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில், மலையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்து, விமானத்தை முடித்து, அடியை முடிக்காமல் விட்ட ஒற்றைக்கல் அற்புதம். எல்லோராவைப் பார்த்து வாய் பிளக்கிற தமிழர்களில் எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பார்கள் என்பது வயிற்றெரிச்சலான கணக்கு. அதற்கும் மேலே பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், அடியில் வட்டெழுத்து. அவற்றைச் செய்வித்தவர்களாகப் பல ஊர்க்காரர்களின் பெயர்கள் வருகின்றன, அவர்களில் குரத்தியர் என்ற சமணப் பெண் ஆசிரியர்களும் மாணவியரும் உண்டு. நிழலில்லாத இந்தக் கரட்டைத் தேடிவந்து பேர் பொறிக்கச் செய்த பெண்கள் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னே இருந்திருக்கிறார்கள் என்பதை, 'பெண்பிள்ளைக்கு எதற்கு மலை ஏறுகிற வேலை' என்று கேட்பவர்கள் ஒருமுறை போய்ப் படிக்கலாம்.

கிழக்கே திரும்பினால் பதினைந்து கிலோமீட்டரில் எட்டயபுரம். பாரதி 1882 டிசம்பர் 11 அன்று பிறந்த வீடு, 1947-ல் திறந்த மணிமண்டபம், 1835-ல் மறைந்த முத்துசாமி தீட்சிதரின் சமாதி, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலம், எல்லாம் ஒரே சிற்றூரில் நடக்கிற தூரத்தில். தெற்கே நெடுஞ்சாலையையொட்டி இடைசெவல். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்ற இரண்டு சாகித்ய அகாதமிக்காரர்களைப் பெற்ற ஊர் அது. இன்னும் தெற்கே காற்றாலைகளுக்கு நடுவே, 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு. நவம்பரிலிருந்து ஜனவரி வரைதான் காலம். மழை பிடித்துக் கம்பும் உளுந்தும் பச்சைகட்டி நிற்கும். அப்போது காட்டுக்குள் இறங்கினால் கரிசல் மண் செருப்பை விடாது, செருப்பைக் கையில் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். சித்திரையில் வருகிறவர்களுக்குக் கிடைப்பது வெடித்த நிலமும் வேலிக்கருவையும் தலைக்கு மேல் வெயிலும்.

பார்க்க இவ்வளவு இருந்தும், அந்த விருந்தாளிக்கு வரும் இடர் திருடனாலோ போக்கிரியாலோ வருவதைவிட, தெரியாமையால் வருவதே அதிகம். எந்தப் பேருந்து எங்கே நிற்கும், மலையடிவாரத்திலிருந்து திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, பெண்கள் போகத்தக்க கழிப்பறை எங்கே, நினைவிடம் எந்த நாளில் பூட்டியிருக்கும் - நம் சிற்றூர்களில் பெரும்பாலும் இவை ஏதாவது ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கின்றன. டீக்கடை அண்ணாச்சியிடம், பேருந்து நிலைய நேரக் காப்பாளரிடம், பூக்காரம்மாவிடம் கேட்டால் கிடைக்கும். கேட்டுவிட்டால் அவர்கள் சொல்வதோடு நிற்க மாட்டார்கள். கண்டக்டரைக் கூப்பிட்டு, "இந்தப் புள்ளைய மலையடிவாரத்துல எறக்கிவிடுங்க" என்று ஒப்படைத்துவிடுவார்கள். சியோல் மெட்ரோவில் இது நடக்காது. ஆனால் தமிழ் தெரியாதவளுக்கும், கேட்கக் கூசுகிறவளுக்கும், கேட்கப் பயப்படுகிறவளுக்கும் அந்தத் துணை எட்டாது.

இங்கேதான் கரிசல்காரர்கள் சொல்லும் வலுவான மறுப்பு வருகிறது. "பலகையும் போன் நம்பரும் பட்டணத்துக்கு; எங்க ஊர்ல எல்லாருடைய கண்ணும் காவல்" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. சந்தியில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் ஊரில் தப்பு நடப்பது கடினம். ஆனால் காவல் காக்கிற கண் சும்மா காப்பதில்லை. எந்த ஊரு, யாரு வீடு, என்ன ஆளுக என்று மூன்று கேள்விக்குள் ஆளை எடை போட்டுவிட்டுத்தான் காவலா வேட்டையா என்று முடிவுசெய்கிறது. இதே கழுகுமலையில் தேரோடும் வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு 1895-ல் கொலையில் முடிந்தது. அந்நியரை அல்ல, உள்ளூர்க்காரரையே வீதியில் நடக்கவிடாத கண்ணும் ஊர்க்கண்தான். இன்னொரு பக்கம், கரிசலின் பெரும்பகுதி வந்தேறிகளால் நிரம்பியது. வடக்கேயிருந்து பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டு ஓடிவந்து காட்டைத் திருத்திக் குடியேறிய தெலுங்கு பேசும் மக்களின் கதையைத்தான் கி.ரா. 'கோபல்ல கிராம'த்தில் எழுதினார். அந்நியருக்கு இடம் கொடுத்த மண், அந்நியரை எடைபோடும் மண், இரண்டும் இதுவேதான். பலகைக்கும் உதவி எண்ணுக்கும் உள்ள அருமை இங்கே தெரியும். அவற்றுக்குச் சாதி தெரியாது, 'யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்காமல் வழி சொல்லும். ஊர்க்கண்ணை அகற்றச் சொல்லவில்லை, அதை மட்டும் நம்பியிருக்கும்படி ஒருத்தியை விடாதீர்கள் என்கிறேன்.

கொரியா பணக்கார நாடு, அவர்களுக்கு முடியும் என்ற மறுப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மெட்ரோ விலை அதிகம்தான், நேர அட்டவணை எழுதிய பலகை விலை அதிகமில்லை. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சியோல்கூடச் செய்யாத காரியம் அது. துணையில்லாத பெண்கள் பகலில் வெளியே வருவதை வழக்கமாக்கியதில் எந்தப் பாதுகாப்புச் செயலியும் செய்யாததை அது செய்திருக்கிறது. பேருந்தில் பாதி பெண்கள் என்றால் தனியாக ஏறுகிற பெண் தனியாளாகத் தெரியமாட்டாள். பயணிகள் வந்தால் ஊர் கெடும் என்ற பயம் கொஞ்சம் கனமானது. சியோலில் பழைய வீடுகள் நிறைந்த புக்சோன் தெருக்களில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் தொல்லை தாங்காமல், மாலை ஐந்திலிருந்து காலை பத்து வரை சில தெருக்களுக்குள் சுற்றுலாப் பயணிகள் வரக்கூடாது என்று விதித்து, 2025 மார்ச் முதல் அபராதமும் போடுகிறார்கள். கெடுவதற்கு முன் கதவை அடைக்காமல், திறக்கும் நேரத்தை ஊர் முடிவு செய்திருக்கிறது. எட்டயபுரத்துக்கு அந்தக் கவலை வருவதற்கு இன்னும் வெகுகாலம் ஆகும், வந்தால் மகிழ்ச்சிதான்.

கொரியாவுக்குக் கிளம்புகிற கரிசல் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியவை சில. சீரியல் பார்த்து நாடு பார்க்கப் போகிறாள் என்று கேலி செய்வோரைப் பொருட்படுத்த வேண்டாம், கி.ரா. கதை படித்துவிட்டு இடைசெவலைத் தேடி வருகிறவர்களும் அதே வகைதான். ஹங்குல் எழுத்தை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். பதினான்கு மெய், பத்து உயிர், உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரு கட்டமாக நிற்கும் முறை நமக்குப் புதிதில்லை. அம்மா, அப்பா என்பவை அங்கும் கிட்டத்தட்ட அப்படியே ஒலிப்பதும், சாப்பாட்டுக்கடை அம்மாளை 'இமோ' என்று சித்தி முறை சொல்லிக் கூப்பிடுவதும் மனதுக்கு இதமான ஒற்றுமைகள். அதை வைத்து இரண்டு மொழிக்கும் உறவு கட்டுவதும், கடல் கடந்து வந்து கொரிய அரசனை மணந்ததாகப் பதிமூன்றாம் நூற்றாண்டுக் கொரிய நூல் சொல்லும் அயுத்த நாட்டு இளவரசியைக் கன்னியாகுமரியில் கப்பலேற்றுவதும் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கதைகள். விசாவை முன்கூட்டியே எடுக்க வேண்டும், சென்னையிலேயே கொரியத் துணைத் தூதரகம் இருக்கிறது. சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது. 'போய் இறங்கு, வேலை நான் வாங்கித் தருகிறேன்' என்கிற ஏஜென்ட் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் தூர வைக்க வேண்டும். பாடகரே நேரில் செய்தி அனுப்புவதாகச் சொல்லிப் பணம் கேட்டால் அது பாடகர் இல்லை. கூகுள் வரைபடம் பல ஆண்டுகளாக அந்த நாட்டில் முழுதாக வழி காட்டியதில்லை, நேவர் வரைபடத்தை ஏற்றிக்கொள்வது நல்லது. சைவக்காரர்கள் கிம்ச்சியில் மீன் சாறு உண்டா என்று கேட்டுத்தான் கைவைக்க வேண்டும். மடத்துச் சாப்பாட்டில் அந்தக் கவலை இல்லை. வழிக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட் போதும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பண்டத்தின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி கங்ஜோங் என்றொரு பாகுமிட்டாய் அங்கே பண்டிகைக்குச் செய்கிறார்கள், கடலை போட்டும் செய்வதுண்டு.

கொரியாவுக்குக் கிளம்பும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள், யாரையும் கூட்டிக்கொள்ளாமல், கழுகுமலைக்குப் போய் இருட்டுமுன் வீடு திரும்பிப் பார்க்கட்டும். எந்த வண்டி, எந்த நேரம், எங்கே தண்ணீர், பிரச்சினை என்றால் யாரை அழைப்பது என்பதைக் கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதிவைக்கட்டும். அந்தத் தாளில் கடைசி வரிக்கு எழுத வேண்டிய எண் 112. கொரியாவில் காவல்துறையை அழைக்கவும் இதே எண்தான். மேலே இருக்கும் வரிகளைப் பேருந்து நிலையச் சுவரில் நகராட்சி எழுதட்டும்: கழுகுமலை, எட்டயபுரம், இடைசெவல், கயத்தாறு, எந்த இடத்தில் வண்டி நிற்கும், திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, தமிழிலும் ஆங்கிலத்திலும். ஒரு பெயிண்டருக்கு அது ஒரு நாள் வேலை.